மாவுக்கட்டு இரண்டு மாதம், ஷூ நாலு வருஷம்: வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தையை எங்கே காட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். முந்தின நாள் ராத்திரி ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனால் சந்தோஷச் செய்தி சொல்கிற குரலாக இல்லை. "அண்ணே, உங்க பையனுக்கு இருந்த மாதிரியே இருக்குண்ணே. ரெண்டு காலும் உள்பக்கமா மடங்கியிருக்கு. மாமனாரு வேலூர் போவோம்ங்காரு. அம்மா புத்தூர்க் கட்டு போடலாம்ங்காக. இங்க எலும்பு டாக்டரு நாளைக்கே கட்டு போட்டுருவோம்னு சொல்லுதாரு. நான் என்ன செய்ய?"

என் பையனுக்கு இப்போது ஆறு வயது. வலது கால் மட்டும் வளைந்து பிறந்தவன். இன்று தெருவில் சைக்கிள் மிதிக்கிறவனைப் பார்த்து எந்தக் கால் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. இதே கேள்வியோடு இதுவரை ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. தப்பான இடத்தில் தொடங்கி, சரியான இடத்துக்கு வந்து, நடுவில் ஒருமுறை சறுக்கி எழுந்த அப்பா.

முதலில் இரண்டு விஷயம். இது அவசரக் கேஸ் இல்லை. பிறந்த ஓரிரு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது, ஆனால் விசாரித்து முடிவெடுக்க நாலு நாள் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அடுத்தது, யார் மீதும் பழியில்லை. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறது; ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம்; பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். மாசமாக இருக்கும்போது கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் ஆரம்பிப்பார்கள். பிள்ளை பெற்றவள் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் முதல் வேலை.

இதற்கான வைத்தியமும் இன்று உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்: பொன்செட்டி முறை. காரைக்குடிப் பக்கத்துப் பெயர் போல ஒலிக்கும். இக்னாசியோ பொன்செட்டி 1914இல் ஸ்பெயினின் மினோர்கா தீவில் பிறந்து, அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1940களின் கடைசியில் இந்த முறையை உருவாக்கினார். மற்ற டாக்டர்கள் ஒத்துக்கொள்ள இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் ஆனது. அதுவரை பாதத்தை அறுத்து நேராக்கும் பெரிய ஆபரேஷன்தான் வழக்கம். அப்படி நேரான பாதங்கள் பல, வயதாக ஆக இறுகி வலியெடுத்தன.

பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்ல நீவித் திருப்பி, திருப்பிய நிலையில் மாவுக்கட்டு போடுவார்கள். ஐந்து முதல் ஏழு கட்டு. பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்குக் கடைசியில் குதிகால் நரம்பை (நாம் நரம்பு என்கிறோம், அது தசைநாண்) ஒரு சின்னக் கீறலில் வெட்டிவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு கட்டு. அந்த மூன்று வாரத்தில் அது நீளமாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பூட்டிய ப்ரேஸ். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் நாலைந்து வயது வரை தூங்கும் நேரம் மட்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எல்லோரும் "எந்த டாக்டர் பெரிய டாக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். அது மூன்றாவதோ நாலாவதோ கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது, கட்டு எங்கிருந்து எங்கே வரை போடுகிறார்கள் என்பது. கால்விரலில் தொடங்கி தொடையின் மேல்பக்கம் வரை, முழங்காலை மடக்கி, ட வடிவத்தில் வர வேண்டும். முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் கட்டு பொன்செட்டி கட்டே இல்லை. இந்த ஒரு கேள்விக்கான பதிலிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

அடுத்து, போடுகிற கை. மாதம் எத்தனை பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்றால், நல்ல எலும்பு டாக்டராகவே இருந்தாலும், இந்த வேலைக்கு அவர் வேண்டாம்.

மூன்றாவது, தூரம். நான் நடையை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கு ஆறு, கடைசிக் கட்டைப் பிரிக்க ஒன்று, ப்ரேஸ் மாட்டியபின் முதல் சில மாதத்தில் இரண்டு மூன்று, அதன்பின் மூன்று வயது வரை நாலு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் அரை வருஷத்துக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து இருபது நடையாவது வரும். போக இருநூறு, வர இருநூறு கிலோமீட்டர் என்றால் எத்தனை வீடுகளால் அதை நாலு வருஷம் தாங்க முடியும்? கால் நேரானதும் "அதான் சரியாயிருச்சே" என்று நின்றுபோகும் வீடுகள்தான் அதிகம். திரும்ப வளைவதற்குப் பெரும்பாலும் காரணமும் அதுதான்: ஷூ போடாமல் விடுவது.

நாலாவது, அந்த ஷூ. யார் தருவார்கள், என்ன விலை, பாதம் வளர வளர அடுத்த சைஸ் எங்கே கிடைக்கும்? ஐந்து வயதுக்குள் நாங்கள் ஆறு ஜோடி மாற்றினோம்.

பணத்தைக் கடைசியில்தான் வைக்கிறேன். இதில் பெரும்பணம் போவது கட்டுக்கு இல்லை. பஸ்ஸுக்கும் லீவுக்கும் ஷூவுக்கும்தான்.

## அரசு ஆஸ்பத்திரியின் கிளப் ஃபுட் கிளினிக்

2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், பிறவியிலேயே கண்டுபிடித்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியலில் வளைந்த பாதமும் (இங்கிலீஷில் கிளப் ஃபுட்) உண்டு. இதற்காக மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று இருக்கும். அங்கே போய் முழுப் பெயரைச் சொன்னால் யாரும் முழிப்பார்கள், "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் சொன்னாலும் சீட்டு எழுதித் தருவார்.

கட்டு எலும்பு முறிவுப் பிரிவில், வாரத்தில் ஒரே ஒரு குறித்த நாளில் நடக்கும். இதன் பெரிய பலம், கூட்டம். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரும்போது போடுகிற கைக்குப் பழக்கம் வந்துவிடுகிறது. குதிகால் நரம்பை வெட்டுவதும் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சில நிமிஷத்தில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். க்யூர் இந்தியா என்ற பெயரில் தொடங்கி இப்போது அனுஷ்கா அறக்கட்டளை என்று இயங்கும் தொண்டு அமைப்போடு இணைந்த அரசு கிளினிக்குகளில் ப்ரேஸும் இலவசம். வராவிட்டால் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆளும் இருப்பார். அந்த போன் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு மூன்றாவது வருஷம்தான் புரிந்தது.

கட்டு போடும் மேஜையை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பயம் போய்விடும். என் மனைவி மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருப்பான். ஓர் இளம் டாக்டர் விரல்களைப் பிடித்துக்கொள்வார். பெரியவர் கட்டைவிரலைப் பாதத்தின் வெளிப்பக்க முண்டில் அண்டக்கொடுத்து, மற்ற கையால் முன்பாதத்தை ஒரு நூல், இன்னொரு நூல் என்று வெளியே திருப்புவார். பஞ்சு சுற்றி, தண்ணீரில் நனைத்த மாவுத்துணியைச் சுற்றும்போது ஆவி பறக்காத வெந்நீர்ச் சூடு. பிள்ளை பாலை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தான். வலித்தால் விட்டிருப்பான்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள்: அந்த ஒரு நாள் பொங்கலிலோ தீபாவளியிலோ விழுந்தால் முன்கூட்டியே கேட்டு வேறு நாள் வாங்க வேண்டும். காலை ஏழரைக்குச் சீட்டு வாங்க நின்றால் மதியம் இரண்டாகலாம். கூலி வேலைக்காரர் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் பெரியவர் ஒவ்வொரு கட்டையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்களுக்கு ஒருமுறை ஷூவின் அடுத்த சைஸ் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பழைய ஷூவையே மாட்டினோம்.

இருபது நடையையும் நடக்கக்கூடிய தூரத்தில் இப்படி ஒரு கிளினிக் இருந்து, பிள்ளைக்கு வேறு கோளாறு எதுவும் இல்லையென்றால், என் ஓட்டு இதற்குத்தான். கையில் பணம் இருந்தாலும்கூட.

## பக்கத்து டவுன் எலும்பு டாக்டர்

நாங்கள் தொடங்கியது இங்கேதான். பிறந்த எட்டாம் நாள், முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் ஐந்து விரலில் மூன்று உள்ளே போயிருந்தன. "பிள்ளை வளருதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மூன்றாவது கட்டு ஒருநாள் விடியற்காலை அப்படியே கழன்று, சாக்ஸைப் போலப் பாயில் கிடந்தது. மூன்று வாரம் போனது. தோலும் உரசிப் புண்ணானது. "ஆறு மாசம் ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றபோதுதான் எழுந்து அரசு கிளினிக்குக்கு வந்தோம்.

விரல் உள்ளே போகிறது என்றால் கட்டு நழுவுகிறது என்று அர்த்தம்; அன்றைக்கே போக வேண்டும். விரல் நீலமாகவோ வெளிறியோ வீங்கியோ இருந்தாலும் அப்படியே. விரலை அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது.

எல்லா டவுன் டாக்டர்களையும் ஒரே தராசில் போட மாட்டேன். பொன்செட்டி முறையில் பயிற்சி எடுத்து, தொடை வரை கட்டு போட்டு, வாரம் நாலு பிள்ளைகளைப் பார்க்கிறவர் உங்கள் டவுனில் இருந்தால் அது அதிர்ஷ்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன், லீவு போட வேண்டாம், ஒரே கை. ஆனால் ப்ரேஸ் எங்கே செய்கிறார் என்று கேளுங்கள். "சி.டி.இ.வி. ஷூ எழுதித் தாரேன்" என்று மட்டும் சொன்னால் உஷார். அது நடக்கிற பிள்ளை பகலில் போடும் ஷூ. ராத்திரி கம்பி போட்ட ப்ரேஸுக்கு அது மாற்று இல்லை.

## பெருநகரத்துக் குழந்தை எலும்பியல் நிபுணர்

வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா போன்ற இடங்களில் குழந்தைகளின் எலும்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையிலும் சென்னையிலும் இதையே பார்க்கும் தனி நிபுணர்கள் உண்டு. பழகிய கை, சந்தேகம் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல நேரம், கணக்கு வைத்த கோப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். வாரா வாரம் ரயில் அல்லது கார், பச்சை உடம்புக்காரியும் கூட. லாட்ஜில் தங்கினால் அது தனி. சில தனியார் ஆஸ்பத்திரிகளில் குதிகால் நரம்பு வெட்டுவதை முழு மயக்கம் கொடுத்து, ஒருநாள் அட்மிஷன் போட்டுச் செய்கிறார்கள். பில் அங்கேதான் ஏறும். "மரத்துப்போக வைத்துச் செய்ய முடியாதா?" என்று முன்னாடியே கேட்கலாம். இறக்குமதி ப்ரேஸ் மெத்தென்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளூர் ப்ரேஸைவிடப் பல மடங்கு விலை, அதையும் பாதம் வளர்ந்ததும் மாற்றியாக வேண்டும். மெடிக்ளெய்ம் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள்: வெளியே தெரியும் பிறவிக் குறைகளைப் பல பாலிசிகள் ஒதுக்கிவைத்திருக்கும். வெளிநோயாளியாகப் போடும் கட்டுக்குக் காப்பீடு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்க்காமல் இங்கே போக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. முதுகுத்தண்டில் திறப்போ கட்டியோ இருக்கிற பிள்ளை, கை மூட்டுகளும் சேர்ந்து விறைத்திருக்கிற பிள்ளை, வேறு இடத்தில் ஏழெட்டுக் கட்டு போட்டும் அசையாத பாதம், நடக்கத் தொடங்கியபின் கொண்டுவரப்பட்ட பிள்ளை, சரியாகித் திரும்ப வளைந்த பாதம். அரசிலேயே வேண்டும் என்றால் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

## எண்ணெயும் புத்தூர்க் கட்டும்

குளிப்பாட்டும் ஆச்சி காலை நீவிவிட்டால் சரியாகிவிடும் என்பார். கருப்பையில் இடமில்லாமல் மடங்கியிருந்த சில பாதங்கள் விரலால் தள்ளினாலே நேராக வந்துவிடும். அவை தானாகவே சரியாகும். ஆச்சிக்குப் பெயர் வாங்கித் தந்தவை அவைதான். உண்மையான வளைபாதம் தள்ளினால் வராது. எது என்ன என்பதை டாக்டர் கையால் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார், பெரும்பாலும் எக்ஸ்ரேகூட வேண்டாம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது இதற்கு வேண்டவே வேண்டாம். பச்சைப்பிள்ளை எலும்பு குருத்து. தப்பான இடத்தில் அழுத்தினால் நசுங்கும்.

## ஒரே பார்வையில்

| | அரசு கிளினிக் | டவுன் எலும்பு டாக்டர் | பெருநகர நிபுணர் |
|---|---|---|---|
| போடுகிற கை | பழகியது, ஆனால் மாறும் | ஆளைப் பொறுத்தது, கேட்டே ஆக வேண்டும் | பழகியது, மாறாது |
| தூரம் | மாவட்டத் தலைநகர் | பக்கம் | பெரும்பாலும் தூரம் |
| நேரம் | வாரத்தில் ஒரு நாள், காலை முழுக்க | சாயங்காலம்கூட | அப்பாயின்ட்மென்ட்படி |
| நரம்பு வெட்டுவது | பெரும்பாலும் மரத்துப்போக வைத்து | பெரிய இடத்துக்கு அனுப்பலாம் | சில இடங்களில் முழு மயக்கம் |
| ப்ரேஸ் | பல இடங்களில் இலவசம், சைஸ் தாமதமாகலாம் | நாமே தேட வேண்டும் | கிடைக்கும், விலை அதிகம் |
| வராவிட்டால் கேட்பார்களா? | தொண்டு அமைப்பு இருந்தால் கேட்பார்கள் | அரிது | இடத்தைப் பொறுத்தது |
| யாருக்கு | வேறு கோளாறில்லாத பிள்ளை | பயிற்சி உறுதியானால் மட்டும் | சிக்கலான கேஸ், திரும்ப வளைந்தது |

## தாய்வீடா, புகுந்த வீடா?

யாரும் யோசிக்காத ஒன்று இது. கட்டு போடும் இரண்டு மூன்று மாதமும் அம்மாவும் பிள்ளையும் இருக்கப்போவது தாய்வீட்டில். மாப்பிள்ளை ஊரில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று தேடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கட்டுக் காலத்துக்குத் தாய்வீட்டுப் பக்கத்து கிளினிக், ப்ரேஸ் காலத்துக்குப் புகுந்த வீட்டுப் பக்கத்துக் கிளினிக் என்று பிரித்துக்கொள்ளலாம். முறை ஒன்றே என்பதால் இடம் மாறினால் தப்பில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வேண்டும்: ஒவ்வொரு கட்டின் தேதி, அன்றைய பிரானி மதிப்பெண் (பாதம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று டாக்டர் போடும் மார்க்; பூஜ்யத்திலிருந்து ஆறு வரை, ஆறுதான் மோசம்), கட்டு பிரித்ததும் எடுத்த ஒரு போட்டோ, நரம்பு வெட்டிய தேதி, ஷூ சைஸ். அதை விரித்து வைத்தால் புது டாக்டருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சறுக்கியதைச் சொல்கிறேன் என்றேனே. அது ஷூ காலத்தில் நடந்தது. முதல் மூன்று நாள் பிள்ளை விடாமல் அழுதான், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டு கம்பியாலேயே சுவரைத் தட்டினான். தூளியில் போட்டால் சேலைக்குள் கால் இடுங்கியது, பாயில்தான் படுக்கவைத்தோம். இரண்டரை வயதில் கத்திரி வெயில், கரண்ட் இல்லாத ராத்திரிகள். "பிள்ளைய விலங்கு மாட்டி வச்சிருக்கியளே" என்று அம்மா பாதி ராத்திரியில் கழற்றிவிடுவார், நாங்களும் தூங்கிவிடுவோம். ஆறு வாரம் அப்படிப் போனது. ஒருநாள் மணலில் பதிந்த தடத்தைப் பார்த்து மனைவிதான் சொன்னாள், வலது கால் வெளிவிளிம்பில் அழுந்துகிறது என்று. கிளினிக்கிலிருந்து போன் வந்ததும் அதே வாரம். நல்லவேளை, மறுபடி இரண்டு கட்டோடு முடிந்தது. அதற்கும் அடங்காமல் வளைந்தால் நாலு வயதுவாக்கில் ஒரு தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்று மதுரை நிபுணரிடம் தெரிந்துகொண்டு வந்தோம், தேவைப்படவில்லை.

இப்போது ஷூ மாட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: குதிகால் ஷூவின் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பின்பக்க ஓட்டை வழியாகப் பாருங்கள். நடு வாரைத்தான் முதலில் இறுக்க வேண்டும். சாக்ஸில் தையல் மடிப்பு இருந்தால் உள்ளே வெளியாகத் திருப்பிப் போடுங்கள்.

அந்தத் தம்பியின் மனைவிக்கு ஊர் தூத்துக்குடி. அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் அரசு கிளினிக் இருக்கிறது. கட்டு தொடை வரைதானா, வாரம் எத்தனை பிள்ளை, ப்ரேஸ் யார் தருகிறார்கள் என்று மூன்று கேள்வியை எழுதிக் கொடுத்தேன். நேற்று மூன்றாவது கட்டு முடிந்து வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தான். இரண்டு வெள்ளைக் கட்டு, முனையில் பத்து விரலும் வெளியே தெரிகின்றன. கீழே ஒரு வரி: "அண்ணே, அடுத்த வாரம் கிளினிக் நாளு லீவாம், வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாங்க, நான் முன்னாடியே கேட்டுட்டேன்."